சிதைந்த ஃபைலுக்கு முந்தைய வரி

விண்டோஸ் கணினியில் சிஸ்டம் ஃபைல்கள் சிதைந்திருக்கின்றன என்று தெரிந்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்த்துப் பழுதுபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டுவார்கள். கால் மணி நேரமோ அரை மணி நேரமோ கழித்து, சிதைந்த ஃபைல்கள் கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டன என்ற செய்தி வந்துவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணி எழுந்துவிடுவார்கள். சேலத்தில் கணினி சர்வீஸ் தொழிலில் இருக்கும் நான், அப்படிச் சரிசெய்யப்பட்ட கணினிகள் சில வாரங்களில் மீண்டும் மேசைக்கு வருவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஒரு சிஸ்டம் ஃபைல் தானாகக் கெடுவதில்லை. எழுதும்போது மின்சாரம் போயிருக்கலாம், டிஸ்கில் அந்த இடம் பழுதாகியிருக்கலாம், ராம் தவறான பிட்டைக் கொடுத்திருக்கலாம், அப்டேட் பாதியில் நின்றிருக்கலாம். இவற்றில் எது நடந்தது என்பதைக் கண்டுபிடிக்கும் முன் ஃபைலைச் சரிசெய்வது, அதே ஃபைலோ பக்கத்து ஃபைலோ மீண்டும் கெடுவதற்கு நாள் குறித்துக் கொடுப்பதாகவே முடியும். அதைக் கண்டுபிடிக்கத் தேவையானவை பெரும்பாலும் லாக்கில், அதாவது கணினி தானாகவே எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பேட்டில், இருக்கின்றன. ஆனால் நம் கண்ணில் முதலில் படும் சிவப்பு வரியில் இருப்பதில்லை, அதற்கு முன்னே எழுதப்பட்டு யாரும் படிக்காமல் விடப்பட்ட வரிகளில் இருக்கின்றன.

இதை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியது ஏற்காட்டில், நாகலூர் செல்லும் வழியில் உள்ள ஒரு காபி எஸ்டேட்டின் அலுவலகக் கணினி. காபிப்பழம் பறிக்கும் பருவத்தில் அந்த ஒரே கணினியில்தான் ஆட்களின் மஸ்டர் என்ற வருகைப் பதிவு, பறித்த பழத்தின் எடை, சனிக்கிழமைக் கூலிப் பட்டியல் எல்லாம் ஏறும். ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, செட்டிங்ஸ் சன்னல் தோன்றி மறைகிறது, அப்டேட் ஒவ்வொரு முறையும் பாதியில் திரும்புகிறது, பிரின்டர் சேவை தானாக நின்றுவிடுகிறது என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் தொலைபேசியில் சொன்னார். ஏற்கெனவே ஒருவர் வந்து எஸ்எஃப்சி ஓட்டிச் சரிசெய்திருக்கிறார். பத்து நாளில் மீண்டும் அதே நிலை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போகும் வேலை என்பதால், பொருந்தும் விண்டோஸ் பதிப்பை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ ஃபைல், லினக்ஸ் லைவ் பென்டிரைவ், காலியான வெளி டிஸ்க் மூன்றையும் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். மலைமேல் இணையம் மெதுவாக வரும்; பழுதுபார்க்கத் தேவையான ஃபைல்களை அங்கிருந்து தரவிறக்கலாம் என்று நம்பிப் போகக் கூடாது.

எந்தப் பழுதையும் தொடுவதற்கு முன் தரவைப் பத்திரப்படுத்த வேண்டும். ரைட்டருக்கு இந்த வரிசை சற்றுப் பொறுமையைச் சோதித்தது. "தம்பி, முதல்ல ஸ்டார்ட் மெனுவைத் திறக்க வைங்க, கூலிப் பட்டியல் எடுக்கணும்" என்றார். "ஐயா, பட்டியலே அந்த டிஸ்குலதான் இருக்கு, அதை வெளியே எடுத்துட்டா அப்புறம் மெனு எப்ப திறந்தாலும் பரவாயில்லைங்க" என்றேன். விண்டோஸைத் தொடங்காமல் லினக்ஸ் லைவ் பென்டிரைவில் கணினியைத் தொடங்கி, டிஸ்கைப் படிக்க மட்டும் என்ற நிலையில் இணைத்து, கணக்குக் கோப்புறைகளை வெளி டிஸ்குக்கு நகலெடுத்தேன். இந்த வழியில் இன்னொரு பயனும் உண்டு. நகலெடுக்கும்போது லினக்ஸின் டிமெசேஜ் கட்டளையில் டிஸ்க் வாசிப்புப் பிழை வருகிறதா என்று பார்க்கலாம். வேறொரு இயங்குதளத்திலும் அதே டிஸ்க் அதே இடத்தில் தடுமாறினால், சிக்கல் விண்டோஸில் இல்லை, வன்பொருளில் இருக்கிறது என்பது அப்போதே உறுதியாகிவிடும். எஸ்டேட் கணினியில் சில வாசிப்புப் பிழைகள் வந்தன. கணக்கு ஃபைல்கள் முழுதாக வந்து சேர்ந்தன. பிழை வந்த இடங்கள் விண்டோஸ் கோப்புறைக்குள் இருந்தன. இப்படிப்பட்ட டிஸ்கில், நகல் எடுக்கும் முன்பே, டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை ஆர் விருப்பத்துடன் ஓட்டுவதை நான் ஏற்பதில்லை. அது டிஸ்கின் ஒவ்வொரு செக்டரையும், அதாவது தரவு எழுதப்படும் ஒவ்வொரு சிறு பகுதியையும், படிக்க முயலும். பலவீனமான டிஸ்குக்கு அந்த உழைப்பே கடைசி உழைப்பாகிவிடக்கூடும்.

பிறகுதான் லாக். முன்பு ஓட்டிய எஸ்எஃப்சியின் விவரம் விண்டோஸ் கோப்புறையில் லாக்ஸ் என்பதற்குள் இருக்கும் சிபிஎஸ் கோப்புறையில், சிபிஎஸ் லாக் என்ற ஃபைலில் எழுதப்பட்டிருக்கும். அதை அப்படியே திறந்தால் பல்லாயிரம் வரிகள் வரும், பெரும்பாலானவை அப்டேட் வேலைகளின் வழக்கமான குறிப்புகள். எஸ்எஃப்சி எழுதும் வரிகளில் மட்டும் சதுர அடைப்புக்குறிக்குள் எஸ்ஆர் என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். ஃபைண்ட்ஸ்ட்ர் கட்டளையால் அந்த அடையாளம் உள்ள வரிகளை மட்டும் பிரித்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்துக்கொண்டால் படிக்கக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிடும். அவற்றிலும் நூறு நூறு கூறுகளாகச் சரிபார்த்ததாகச் சொல்லும் வரிகளை ஒதுக்கிவிட்டு, சரிசெய்ய முடியவில்லை என்று ஒரு ஃபைலின் பெயரோடு வரும் வரிகளைத்தான் தேட வேண்டும். அந்த வரியின் கடைசியில் காரணம் எழுதப்பட்டிருக்கும். ஃபைல் இல்லை என்பது ஒரு காரணம். ஹாஷ் பொருந்தவில்லை, அதாவது ஃபைல் இருக்கிறது ஆனால் உள்ளடக்கம் இருக்க வேண்டியபடி இல்லை என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. ஃபைலே காணவில்லை என்றால் நான் முதலில் சந்தேகிப்பது இடம் மிச்சப்படுத்தும் கிளீனர் மென்பொருளையோ, பாதியில் நின்ற அப்டேட்டையோ, வைரஸையோ, மிகைப்பட்ட ஆன்டிவைரஸையோதான். ஹாஷ் பொருந்தவில்லை என்றால் டிஸ்க், மின்சாரம், ராம் ஆகியவற்றின் பக்கம் பார்வை போக வேண்டும்.

அதே வரியில் ஸ்டோர் என்ற சொல் வருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களின் மூலப்பிரதிகளை வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கோப்புறையில் வைத்திருக்கிறது. எஸ்எஃப்சி அங்கிருந்து எடுத்துத்தான் பழுதுபார்க்கிறது. ஆனால் சிஸ்டம்32 கோப்புறையில் நாம் பார்க்கும் ஃபைல்களில் மிகப் பல, ஸ்டோரில் உள்ள ஃபைலின் ஹார்டு லிங்க்குகள்தாம். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் இருப்பதைப் போல, இரண்டு பெயர்களும் டிஸ்கில் உள்ள ஒரே தரவைத்தான் காட்டுகின்றன. டிஸ்கில் அந்த இடம் கெட்டால் இரண்டும் ஒருசேரக் கெடும்; எஸ்எஃப்சிக்குக் கைகொடுக்க நல்ல பிரதி எதுவும் மிஞ்சாது. சில ஃபைல்களைச் சரிசெய்ய முடியவில்லை என்ற செய்தி அடிக்கடி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்த நிலையில் எஸ்எஃப்சியையே திரும்பத் திரும்ப ஓட்டுவதில் பயனில்லை. டிஸம் கட்டளையின் ரிஸ்டோர்ஹெல்த் விருப்பத்தால் முதலில் ஸ்டோரைச் சீராக்கி, பிறகு எஸ்எஃப்சி ஓட்ட வேண்டும். விண்டோஸ் 8 முதல் இந்த வசதி இருக்கிறது.

இவ்வளவும் எது கெட்டது என்பதைத்தான் சொல்லும். எப்படிக் கெட்டது என்பதை அறிய விண்டோஸின் நிகழ்வு லாக்குகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பிரிவுக்குப் போக வேண்டும். எஸ்டேட் கணினியில் அதைத் திறந்ததும் மேலே சிவப்பாக நின்றவை சேவைகள் எதிர்பாராமல் நின்றதாகச் சொல்லும் 7031, 7034 ஆகிய எண்கள். அவை விளைவுகள். கீழே இறங்க இறங்க, விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் எழுதிய 55, அதாவது கோப்பு அமைப்பின் கட்டமைப்பில் பிழை. அதற்கும் முன்னால் டிஸ்க் எழுதிய 7, அதாவது பழுதான பிளாக். அதற்கும் முன்னால், சிவப்பில் இல்லாமல் மஞ்சள் எச்சரிக்கையாக, 153. ஒரு வாசிப்பு அல்லது எழுத்து வேலையை மீண்டும் முயல வேண்டியிருந்தது என்பது அதன் பொருள். மஞ்சள் என்பதால் இதைப் பலரும் கடந்து போய்விடுகிறார்கள். என் அனுபவத்தில், டிஸ்க் பக்கத்துச் சிக்கல்களில் முதலில் பேசுவது பல நேரம் இந்த 153தான்.

இந்த வரிகளில் டிஸ்கின் பெயர் ஹார்டுடிஸ்க்0, ஹார்டுடிஸ்க்1 என்று எண்ணோடு வரும். எண்ணைப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. யாரோ பென்டிரைவை அப்படியே பிடுங்கியதால் வந்த பிழையை உள் டிஸ்கின் பிழையாக எண்ணி, நல்ல டிஸ்கைக் கழற்றிய கதைகள் உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்டில் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டால் குழப்பம் தீரும்.

153க்கும் முன்னால், ஐப்பசி மாதம் முழுவதும், கெர்னல்-பவர் 41 என்ற வரி விட்டுவிட்டு வந்திருந்தது. கணினி முறையாக நிறுத்தப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதே அதன் செய்தி. இந்த வரியைப் பற்றி மூன்று விஷயங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. முதலாவது, அது கணினி நின்ற நேரத்தில் எழுதப்படுவதில்லை. நின்றுபோன கணினியால் எழுத முடியாது. அடுத்த முறை தொடங்கும்போதுதான் எழுதப்படுகிறது. நின்ற நேரம் வேண்டுமென்றால், அதனுடன் வரும் 6008 என்ற வரிக்குள் பார்க்க வேண்டும். இரண்டாவது, 41இன் விவரப் பகுதியில் பக்செக் கோடு என்று ஒரு எண் இருக்கும். அது 0 என்றால் நீலத்திரைப் பிழை எதுவும் பதிவாகவில்லை. மின்சாரம் போயிருக்கலாம், அல்லது கணினி உறைந்து நின்றிருக்கலாம். 0 அல்லாத எண் இருந்தால் அது பதின்ம எண்ணாக எழுதப்பட்ட நீலத்திரைக் குறியீடு: 26 என்றால் நினைவக மேலாண்மைப் பிழை, 122 என்றால் டிஸ்கிலிருந்து நினைவகத்துக்குத் தரவைக் கொண்டுவர முடியாத பிழை. மூன்றாவது, பவர் பட்டன் நேரம் என்ற புலத்தில் 0 அல்லாத எண் இருந்தால், யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். எஸ்டேட் கணினியில் இரண்டு எண்களும் 0.

நேரங்களை வரிசைப்படுத்தியபோது ஒரு முரண்பாடு தெரிந்தது. சில வரிகள் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டின. மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி தேய்ந்திருந்ததால், இரவு முழுவதும் மின்சாரம் நிறுத்தப்பட்ட பிறகு கடிகாரம் பழைய தேதிக்குப் போய், இணையம் கிடைத்ததும் திருத்தப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட கணினியில் தேதியை நம்பிக் காரணத்தைத் தேடினால் முன்னது பின்னதாகிவிடும். ஒவ்வொரு நிகழ்வின் விவரப் பகுதியிலும் ரெக்கார்டு ஐடி என்ற தொடர் எண் இருக்கிறது. கடிகாரம் எப்படித் தாறுமாறாக ஓடினாலும் அந்த எண் ஏறிக்கொண்டே போகும். அதைக்கொண்டு வரிகளை அடுக்கியபோதுதான் எது முதலில் நடந்தது என்பது ஒழுங்காயிற்று.

இங்கே ரைட்டர் ஒரு பெரிய உதவி செய்தார். எஸ்டேட்டில் டீசல் ஜெனரேட்டருக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள்: தேதி, ஓட்டிய நேரம், நிறுத்திய நேரம், ஊற்றிய டீசல், கையெழுத்து. ஐப்பசி இடிமழையில் சில்வர் ஓக் மரக்கிளைகள் முறிந்து கம்பிமேல் விழுவதும் மின்சாரம் போவதும் மலையில் வழக்கம். தேதி சரியாக இருந்த 6008 வரிகளின் நேரங்களை ஒரு தாளில் எழுதி, அந்த நோட்டோடு ஒப்பிட்டோம். பிற்பகலில் வந்தவை, ஒன்றிரண்டைத் தவிர, ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்னே இருந்தன. யூபிஎஸ் இருக்கும்போது இது நடக்கக் கூடாதே என்று அதன் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துப் பார்த்ததும், கணினி ஒரு நொடிகூடத் தாங்காமல் நின்றது. பேட்டரி எப்போதோ போய்விட்டிருக்கிறது. மின்சாரம் இருக்கும் வரை பச்சை விளக்கு எரிவதால் யாருக்கும் தெரியவில்லை.

மிச்சமிருந்த வரிகள் மாலை ஆறு மணியை ஒட்டி வந்தன. அவை ஜெனரேட்டர் நோட்டில் இல்லை. இடி விழும் இடம் என்பதால் அலுவலகம் பூட்டும்போது வாட்ச்மேன் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். அது சரியான பழக்கம், அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ரைட்டர் ஷட்டவுன் கொடுத்துவிட்டுக் கிளம்பிய சில மாலைகளில், கணினி அப்டேட்டை நிறுவிக்கொண்டிருந்திருக்கிறது. சிஸ்டம் ஃபைல்கள் மாற்றி எழுதப்படும் நேரத்திலேயே மின்சாரம் போனால் ஸ்டோர் சிதைவதற்கு அதைவிட வாய்ப்பான தருணம் வேறில்லை. என்டிஎஃப்எஸ் தன் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் ஜர்னல் வைத்திருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று சிலர் கேட்பார்கள். அந்த ஜர்னல் கோப்பு அமைப்பின் கட்டமைப்பைக் காக்கிறது. ஃபைலுக்குள் இருக்கும் தரவுக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. பெயரும் அளவும் சரியாக இருந்து, உள்ளே வெறும் பூஜ்யங்கள் நிரம்பிய ஃபைல்கள் உருவாவது இப்படித்தான்.

டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களும் இதற்குப் பொருந்தின. 197 என்ற எண்ணில் காட்டப்படும் நிலுவை செக்டர்கள் சில இருந்தன. 5 என்ற எண்ணில் காட்டப்படும் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் எதுவும் இல்லை. கேபிள் கோளாறைக் காட்டும் 199 ஏறவில்லை. எழுதும் நடுவில் மின்சாரம் போன செக்டர் படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும். அதன்மேல் மீண்டும் எழுதி, எழுதியது சரியாகப் பதிந்துவிட்டால் நிலுவை குறையும், 5 ஏறாது. தகடே பழுதாகும் டிஸ்கில் 5 ஏறிக்கொண்டு போகும். இங்கே முதல் வகையின் சாயல்தான் தெரிந்தது. என்றாலும் கூலிக் கணக்கு இருக்கும் கணினி என்பதால், அந்த டிஸ்கை அதிலேயே விட எனக்கு ஒப்பவில்லை. விண்டோஸைப் புதிய எஸ்எஸ்டி டிஸ்குக்கு மாற்றி, பையில் கொண்டுபோன ஐஎஸ்ஓவை இணைத்து, அதை மூலமாகக் காட்டி டிஸம் ஓட்டினேன். மூலம் அதே பதிப்பாகவும் அதே மொழியாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூல ஃபைல்களைக் கண்டறிய முடியவில்லை என்ற பிழையோடு நின்றுவிடும். லிமிட்ஆக்சஸ் என்ற விருப்பத்தையும் சேர்த்தால் இணையத்தைத் தேடிக் காத்திருக்காது. சதவீதம் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பது டிஸமில் இயல்பு. அப்போது சன்னலை மூடிவிடக் கூடாது. டிஸம் முடிந்த பின் ஓட்டிய எஸ்எஃப்சி எல்லாவற்றையும் சரிசெய்தது. யூபிஎஸ் பேட்டரியும் மதர்போர்டு பேட்டரியும் மாற்றப்பட்டன. கணினியின் விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகே மெயினை இறக்குவது என்று வாட்ச்மேனோடு பேசி வைத்தோம்.

இதற்கு நேர்மாறான ஒன்றைச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பார்த்தேன். ஆட்களிடம் கொடுத்த வெள்ளியின் எடை, திரும்பி வந்த கொலுசின் எடை, சேதாரம், கூலி ஆகியவை ஏறும் கணினி அது. அங்கேயும் எஸ்எஃப்சி சிதைவைக் காட்டியது. ஆனால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஃபைல்கள். முந்தைய ஓட்டத்தில் கெட்டதாகச் சொன்ன ஃபைலை அடுத்த ஓட்டத்தில் நல்லது என்றது. சிஸ்டம் லாக்கில் 7 இல்லை, 153 இல்லை, 55 இல்லை, 41உம் இல்லை. டிஸ்க் குற்றமற்றது என்று லாக் வாய்மூடிச் சொல்வதாகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். நகலெடுத்த ஜிப் ஃபைல்கள் திறக்க மறுப்பதும், பிரவுசர் காரணமில்லாமல் மூடிக்கொள்வதும் சேர்ந்து வந்தால் சந்தேகம் ராம்மேல் போக வேண்டும். சாதாரணக் கணினிகளின் ராமில் பிழைதிருத்தும் வசதி இல்லாததால், அது தவறினாலும் லாக்கில் எழுத ஆள் இல்லை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுவதும் ஓட்டியதில் ஒரு ராம் பழுது என்று தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டு எஸ்எஃப்சி ஓட்டியபோது, நான் எதையும் பழுதுபார்க்காமலேயே, எந்தச் சிதைவும் இல்லை என்றது. டிஸ்கில் இருந்த ஃபைல்கள் நல்லபடியே இருந்திருக்கின்றன. படித்துப் பார்த்த இடம்தான் தவறாகப் படித்திருக்கிறது. இப்படிப்பட்ட கணினியில் எடுக்கும் பேக்கப்பும் அந்தப் பழுதான ராம் வழியாகத்தான் போகும் என்பதால், டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துத்தான் பட்டறையின் கணக்கை நகலெடுத்தேன்.

லாக் படிக்கத் தொடங்குகிறவர்கள் தேவையில்லாமல் அஞ்சுவதையும் நான் பார்க்கிறேன். நல்ல கணினியிலும் ஈவென்ட் வியூவரில் சிவப்பும் மஞ்சளும் இருக்கத்தான் செய்யும். டிஸ்ட்ரிபியூட்டட்காம் என்ற விண்டோஸ் கூறு எழுதும் 10016 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு; அதைப் புறக்கணிக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் ஆவணத்தில் சொல்லியிருக்கிறது. தொலைபேசியில் அழைத்து, உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது என்று சொல்லி, ஈவென்ட் வியூவரைத் திறக்கச் செய்து, இந்தச் சிவப்பு வரிகளையே ஆதாரமாகக் காட்டிப் பணம் பறிக்கும் மோசடிக்காரர்கள் நம்பியிருப்பதும் இந்த அச்சத்தைத்தான். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது அவசியம்.

ஒரு வரி முக்கியமா இல்லையா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல், கோளாறு தொடங்கும் முன்பும் அது வந்துகொண்டிருந்ததா என்பதுதான். கணினி நன்றாக ஓடிய மாதங்களிலும் அதே வேகத்தில் வந்த வரி, பெரும்பாலும் இன்றைய கோளாறுக்குக் காரணமாக இருக்காது. ஆனால் இப்படி ஒப்பிட வேண்டுமென்றால் பழைய வரிகள் அழியாமல் இருக்க வேண்டும். விண்டோஸில் சிஸ்டம் லாக்கின் அளவு இயல்பாக 20 எம்பி. நிரம்பியதும் பழையவற்றின்மேல் எழுதத் தொடங்கிவிடும். சிபிஎஸ் லாக்கும் வளர்ந்ததும் சிபிஎஸ்பெர்சிஸ்ட் என்று தொடங்கும் கேப் ஃபைல்களாகச் சுருக்கி ஒதுக்கப்படும். இடம் மிச்சமாகும் என்று அவற்றை அழிக்கும் கிளீனர் மென்பொருள்களை என் வாடிக்கையாளர் கணினிகளில் நான் வைப்பதில்லை. எஸ்டேட் கணினியில் சிஸ்டம் லாக்கின் அளவை 100 எம்பியாக உயர்த்தி வைத்திருக்கிறேன். ரைட்டர் இப்போது ஜெனரேட்டர் நோட்டிலேயே, மின்சாரம் போனபோது கணினி ஓடிக்கொண்டிருந்ததா, யூபிஎஸ் தாங்கியதா என்று ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டு எழுதி வருகிறார்.